ஒரே ஒரு பச்சைக் கோடு

குன்னூர் டீச்சர் எழுந்து நடந்ததை நான் பார்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குச் சொன்னது அத்தான். அத்தானுக்குச் சொன்னது எங்கள் எஸ்டேட்டுக்குக் காய்கறி வண்டி கொண்டுவருகிறவர். அவருக்கு அவருடைய கொழுந்தியாள் சொல்லியிருக்கிறாள். அவள் இந்தக் கிளினிக்கில் ஆயாவாக இருக்கிறாள். படுத்த படுக்கையாகக் கிடந்த டீச்சராம், உண்ணி கடித்து வந்த நோயாம், கையில் குழாய் வைத்து மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்களாம், ஒருநாள் எழுந்து தானாகவே நடந்துபோய் பஸ் ஏறினாராம். வாய் மாற மாற டீச்சரின் நோய் கொஞ்சம் கூடியிருக்கும், நடை கொஞ்சம் வேகமாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கும் என்னிடம் ஆதாரம் கிடையாது. அந்த நடையை நம்பித்தான் அக்காவும் அத்தானும் வால்பாறையிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து இறங்கி வந்திருக்கிறார்கள், நானும் மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்து சேர்ந்துகொண்டேன், இப்போது கோயம்புத்தூரில் இந்தக் கிளினிக்கின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், என் அக்கா ஜெசிந்தாவின் தலை என் இடது தோளில் இருக்கிறது. தூங்குகிறாள். தோள் மரத்துப்போய் நேரமாகிவிட்டது. அசைத்தால் விழித்துக்கொள்வாள். விழித்தால் என் முகத்தைப் பார்ப்பாள், பார்த்தால் கேட்பாள், கேட்டால் நான் சொல்ல வேண்டும். ஆகவே அசைக்கவில்லை. எதிர்ச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு படம் மாட்டியிருக்கிறது. வேளாங்கண்ணி மாதா காலண்டருக்கும் முருகன் காலண்டருக்கும் நடுவில், யாருக்கும் மனக்குறை வராத இடத்தில். இடமிருந்து வலமாக ஏறிப்போகிற ஒரு பச்சைக் கோடு. மேலே தமிழில், நீண்டகாலச் சிகிச்சைக்குப் பின் நோயாளிகளின் முன்னேற்றம், ஐரோப்பிய ஆராய்ச்சி. ஒரே ஒரு கோடு.

அந்த ஆராய்ச்சியின் அசல் படத்தில் மூன்று கோடுகள் உண்டு. என் போனில் இருக்கிறது. போன வாரம் அத்தான் இந்தக் கிளினிக்கின் விளம்பரத் தாளைப் படம் பிடித்து அனுப்பியபோது தேடி எடுத்தேன், புரியாத சொல்லுக்கெல்லாம் அகராதி பார்த்துப் படித்தேன். இரண்டு கோடுகள் மாதக்கணக்கில் நுண்ணுயிர் கொல்லி மருந்து சாப்பிட்டவர்களுடையவை. மூன்றாவது கோடு, அதே நிறத்தில் அதே அளவில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுடையது. மூன்றும் பின்னிக்கொண்டு ஒன்றாகவே ஏறின. எது எது என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. நீண்டகால மருந்தால் கூடுதல் பயன் இல்லை என்றுதான் அதை நடத்தியவர்கள் முடித்திருந்தார்கள். இங்கே இரண்டு கோடுகளை எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார்கள். ஏறுகிற கோடு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, அதில் பொய் இல்லை, அதுதான் என்னை உட்கார விடாமல் அரிக்கிறது. பொய்யாக இருந்தால் எழுந்து பொய் என்று சொல்லிவிடலாம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருக்கிறார்கள். சொட்டு விழும் சத்தம் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சாய்நாற்காலிகளில் படுத்திருக்கிறவர்களின் பாட்டில்களிலிருந்தே வருகிறது என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஐந்தாறு பேர். எல்லோருடைய கையிலும் குழாய். எல்லோரும் எங்கோ பஸ்ஸில் போய்க்கொண்டிருப்பவர்கள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசி நாற்காலி காலியாக இருக்கிறது. அது அக்காவுக்கு. காலையில் வந்ததும் இரத்தம் எடுத்து முழங்கை மடிப்பில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, மத்தியானத்துக்குள் குழாய் வைத்துவிடலாம் என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். முழங்கைக்கு மேலே ஒரு நரம்பில் நுழைத்து நெஞ்சு வரைக்கும் தள்ளுவார்களாம். வலிக்காதாம். மாதக்கணக்கில் அது அங்கேயே இருக்கும். மலையில், மழையில், ஈரச் சுவர் உள்ள வீட்டில்.

அட்டைக் கடிக்குப் பழகின கால் அக்காவுடையது. கொழுந்து எடுக்கிற பெண்கள் அட்டையை உப்பு வைத்துத் தட்டிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார்கள், உண்ணியையெல்லாம் யார் பார்த்தார்கள். தொடையில் வட்டமாகச் சிவந்து, நடுவில் வெளுத்து, நாளுக்கு நாள் அந்த வட்டம் பெரிதாகிக்கொண்டே போனதை அவள் யாரிடமும் காட்டவில்லை, காட்டுகிற இடமா அது என்றாள் பின்னால். வட்டம் தானாகப் போய்விட்டது. அப்புறம் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் வலி மாத்திரை கொடுத்தார்கள், வாதம் என்றார்கள், வீங்கின கால் வற்றினபிறகு நடிப்பு என்றார்கள். கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர், வயநாட்டில் வேலை பார்த்து இந்த நோயைக் கண்டவராம், அந்த வட்டத்தைப் பற்றிக் கேட்டார், இரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார், லைம் நோய் என்றார், நாலு வாரம் மாத்திரை கொடுத்தார். கால் சரியானது. அசதி போகவில்லை. வலி ஊர் சுற்றுகிறது என்பாள் அக்கா, இன்று தோளில், நாளை கணுக்காலில். குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள், அல்லது போடவே மாட்டாள். பாதிப் பேச்சில் சொல் தொலைந்துபோய் வாயைத் திறந்தபடி நிற்பாள். மறுபடி அந்த டாக்டரிடம் போனபோது அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, கிருமி போயிருச்சும்மா, அது அடிச்ச அடி ஆற நாளாகும், சிலருக்கு ரொம்ப நாளாகும். அடுத்த நோயாளியின் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே சொன்னார். வெளியே வரிசை வராண்டாவைத் தாண்டி நின்றது, அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் சரியானதை நின்றுகொண்டு சொன்னார். இந்தக் கிளினிக்கின் டாக்டர் போன தடவை அக்காவை உட்காரவைத்து முழுக் கதையையும் கேட்டிருக்கிறார், தொடை வட்டத்திலிருந்து உப்பு வரைக்கும், நடுவில் அவள் அழுதபோது கையைப் பிடித்துக்கொண்டாராம். பிடித்துக்கொண்டே, கிருமி இன்னும் உள்ளே ஒளிஞ்சிருக்கும்மா, விடக் கூடாது என்றாராம். தவறானதை உட்கார்ந்து சொல்கிறார். அக்கா யாரை நம்புவாள்? நான் அவளாக இருந்தால் யாரை நம்புவேன்?

வெளியே தூறுகிறது. ஆடிக் காற்று கதவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. அத்தான் டீ வாங்கப் போயிருக்கிறார், போகும்போது சொல்லிவிட்டுப் போனார், அதைச் சொல்லத்தான் போகிற மாதிரி எழுந்தார் என்று தோன்றியது. அத்தான் கெட்டவர் இல்லை. இருதயராஜ் என்று பெயர், டீ ஃபேக்டரியில் கொழுந்து காயவைக்கிற பகுதியில் வேலை. அக்காவுக்குக் கை தூக்க முடியாத நாளில் அவர்தான் தலைக்கு ஊற்றிவிடுகிறார், பாடி முழுக்கப் பார்க்கும்படி வாசல் குழாயில் அவள் சேலையை அலசுகிறார். பாடி என்றால் எங்கள் எஸ்டேட்டில் தொழிலாளர் வீட்டு வரிசை, ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம், ஒரு இருமலுக்கு நாலு காது. அங்கே ஒரு ஆண்பிள்ளை பொண்டாட்டி சேலையை அலசினால் என்னவெல்லாம் கேட்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் அவளை மகாராணி என்று கேலி பண்ணுவார், அவளும் சிரிப்பாள். இப்போதெல்லாம் அவர் மகாராணி என்பதில்லை. அதை நிறுத்தினதுதான் பயமாக இருக்கிறது. டீக்குப் போகும்முன் என் பக்கத்தில் குனிந்து, அக்கா தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டுல ஒண்ணு சொல்லு ரெஜி. கிருமி இருக்கா, இல்லையா? இருந்தா குழாய் வைக்கட்டும். இல்லேன்னா திங்கக்கிழமை கொழுந்துக்குப் போகட்டும்." கேலி இல்லை, கோபமும் இல்லை. மனிதர் களைத்துப்போயிருக்கிறார். நீ படிச்ச புள்ள, நீ சொன்னா முடிஞ்சுது என்றும் சொன்னார்.

படித்த பிள்ளை. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், அதற்குத் தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழே இருக்கிறது. அதனால் இங்கிலீஷில் வருவதெல்லாம் என்னிடம் வரும், மாத்திரை அட்டை, பேங்க் மெசேஜ், சித்தப்பாவின் ஸ்கேன். நான் படித்தது புள்ளியியல் என்று எத்தனை தடவை சொன்னாலும், இங்கிலீஷ்ல தானே படிச்சே என்பார்கள். கிருமி இருக்கா இல்லையா. இருக்கு என்றால் நெஞ்சு வரைக்கும் குழாய். இல்லை என்றால் திங்கட்கிழமை கொழுந்துப் பை, சரிவில், இரண்டு மழைக்கு நடுவில், சூப்பர்வைசரின் வாய்க்கு எதிரில். இல்லை, ஆனால் அவளுக்கு முடியாது, இதுதான் பதில், இதற்கு அவர் கேள்வியில் இடமே இல்லை. இடம் வைக்காமல் கேட்கிறார்கள், எல்லோரும், டிஸ்பென்சரி, சூப்பர்வைசர், இந்தக் கிளினிக்கும்தான். கிருமி இருந்தால்தான் நோய் என்பதில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஒருவர் நோய் இருக்கிறது, ஆகவே கிருமி இருக்கிறது என்கிறார், மற்றவர்கள் கிருமி இல்லை, ஆகவே நோய் இல்லை என்கிறார்கள். கயிற்றை ஆளுக்கொரு முனையில் இழுக்கிறார்கள், அக்கா நடுவில் முடிச்சாகக் கிடக்கிறாள். தலை லேசாக இருக்கிறது அவளுக்கு. முன்பு இப்படி இருக்காது, தோளில் சாய்ந்தால் தேங்காய் எண்ணெயும் தேயிலைக் கறையும் சேர்ந்த மணத்தோடு கனமாக இருக்கும்.

எனக்கு மட்டும் எவ்வளவு தெரியும்? சரியாக யோசி ரெஜினா. அந்த ஆராய்ச்சியில் மாதக்கணக்கில் கொடுத்தது மாத்திரை, இங்கே சொல்வது ஊசி. அதுவும் தவிர, அங்கே எல்லோருக்கும் முதலில் இரண்டு வாரம் ஊசி போட்டிருக்கிறார்கள், வெறும் மாத்திரைக்காரர்களுக்கும். அப்படியானால் அந்த இரண்டு வார ஊசியால்தான் எல்லோரும் தேறினார்களோ? அந்தப் படம் அதற்குப் பதில் சொல்லாது. அக்காவுக்கு ஊசியே போடவில்லை, மாத்திரைதான். இதை யோசித்துக்கொண்டிருந்ததில்தான் போன வாரம் பஸ்ஸில் இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தவறவிட்டேன். பிறகு இன்னொன்று தேடினேன், அமெரிக்காவில் செய்தது, அதில் ஒரு பக்கத்துக்கு ஒரு மாதம் ஊசியும் அப்புறம் மாத்திரையும், மறு பக்கத்துக்கு ஆரம்பத்திலிருந்தே மருந்தில்லாத வெறும் ஊசியும் மாத்திரையும், அதிலும் வித்தியாசம் இல்லை. அப்பாடா என்று இருந்தது, அப்பாடா என்று இருந்ததே தப்பு, நான் விரும்பின பதில் வந்ததற்கு மூச்சு விடுகிறேன். அதனால் மூன்றாவதாக ஒன்று படித்தேன், அதில் ஊசி போட்டவர்களுக்கு அசதி மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. அசதி. அக்காவுக்கு அதுதானே. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். ஆனால் அதிலேயே, சிகிச்சையால் உடம்பு கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் அதிகம் பேர் மருந்தே ஏறாதவர்கள். குழாய் வழியாக மருந்தில்லாத திரவம் மட்டும் ஏறியவர்கள். இதற்காக நீண்டகாலம் கொடுக்க வேண்டாம் என்றே அதை எழுதியவர்களும் சொன்னார்கள். இவ்வளவையும் எப்படிச் சொல்வது, யாரிடம், டீ ஆறுவதற்குள்?

அத்தான் வந்துவிட்டார். பேப்பர் கப்பில் டீ, தலையில் தூறல். நான் கேட்கிறேனா இல்லையா என்று பாராமல் டாக்டருக்கு இன்னும் எத்தனை பேர் என்றார். தாழ்ந்த குரலில் நான் நூலைப் பற்றிச் சொன்னேன். இது எனக்குத் தெரிந்த விஷயம், இதைச் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். நான் நூற்பாலையில் சோதனைக் கூடத்தில் இருக்கிறேன், நூலை இழுத்து எங்கே அறுகிறது என்று பார்ப்பது என் வேலை. போன ஆடியில் புதுப் பசை விற்கிறவர் ஒருவர் வந்தார், அவர் பசை ஏற்றின நூலை இழுத்தோம், பலம் கூடியிருந்தது, மேனேஜர் ஆர்டர் போடத் தயாராகிவிட்டார். அன்று மழை, கூடத்தின் ஏசியும் பழுது. பசையே ஏற்றாத நூல் சுற்றின கோனையும் எடுத்து இழுத்தேன். அதுவும் அதே அளவு கூடியிருந்தது. ஈரம் பட்டால் பருத்தி நூல் பலம் கூடும், அதன் குணம் அது. பக்கத்தில் சும்மா ஒரு கோன் இல்லாவிட்டால் பெருமை எல்லாம் பசைக்குப் போயிருக்கும். அது மாதிரிதான், அத்தான், இந்தப் படமும், நாள் போகப் போக உடம்பு தானே கொஞ்சம் தேறும், மருந்து சாப்பிட்டவர்களும் தேறினார்கள், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் தேறினார்கள் என்றேன். அத்தான் நன்றாகக் கேட்டார். கடைசி வரைக்கும் கேட்டார். புரிந்துகொள்கிற மாதிரி தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: "வெறும் மாத்திரையிலயே சரியாப் போச்சுன்னா அவங்களுக்கு நோயே இல்லேன்னுதானே அர்த்தம்?" அப்புறம் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "அதைத்தான் டிஸ்பென்சரில அப்பவே சொன்னான்" என்றார்.

நான் என்ன சொன்னேன், அவர் என்ன கேட்டார். வாயிலிருந்து போகும்போது ஒன்றாக இருந்தது, காதில் போய்ச் சேரும்போது வேறாகிவிட்டது, நடுவில் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. சரியாப் போச்சு என்று நான் எங்கே சொன்னேன்? கொஞ்சம் தேறினார்கள் என்றேன், நோயோடு தேறினார்கள், ஆராய்ச்சி முடியும்போதும் பாதி வலியோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் நோயாளிகள் என்பதால்தானே அதில் சேர்த்தார்கள். சும்மா இருந்த கோனும் நூல்தானே, இழுத்தால் அறுகிறதுதானே. இதை அவரிடம் சொல்லவும் கூச்சமாக இருந்தது, இந்த உதாரணத்தை எடுத்ததே நான்தான். எதிரே டிவியில் சத்தமில்லாமல் ஒரு பெண் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் போனில் யாரையோ கிணற்று மோட்டாருக்காகத் திட்டுகிறார், நியாயமான கோபம், பழுது எங்கே என்று அவருக்குத் தெரிகிறது. எனக்கு எரிச்சல் யார் மேல் என்று தெரியவில்லை. அத்தான் மேலா, டாக்டர் மேலா, மருந்து ஏறினால்தான் வைத்தியம் என்று நினைக்கிற எங்கள் ஆட்கள் மேலா. ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் எங்கள் பாடியில். ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு திரும்புகிறவளை நாலு பேர் வந்து விசாரிப்பார்கள், மாத்திரையோடு திரும்புகிறவளை வேலைக்கு வரலையா என்பார்கள். அந்தச் சின்ன வயது டாக்டர் ஒரு ஊசியாவது போட்டிருக்கலாம், வெறும் சத்து ஊசி. சீ, நானா இப்படி நினைக்கிறேன்.

தோளில் கனம் மாறியது. அக்கா விழித்துத்தான் இருந்திருக்கிறாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. தலையை எடுக்காமலே, அத்தானுக்குக் கேட்காத குரலில், என் கழுத்துக்குப் பக்கத்தில் பேசினாள், வாயில் தூக்க வாசனை.

"ரெஜி, நான் நடிக்கலேல்ல?"

இதை எதிர்பார்க்கவில்லை. கிருமி இருக்கா, குழாய் வலிக்குமா, மருந்து நல்லதா, எதைக் கேட்டாலும் சொல்ல ஏதோ வைத்திருந்தேன். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எத்தனை பேர் எத்தனை நாள் சொல்லியிருந்தால் ஒருத்திக்குத் தன் வலி மேலேயே சந்தேகம் வரும். இல்லைக்கா என்றேன், இல்லவே இல்லை. அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு பிளாஸ்திரி ஒட்டின கையை மடியில் திருப்பி வைத்து அதைப் பார்த்தபடி சொன்னாள்: "கையில குழாய் தொங்குனா ஒருத்தனும் கேக்க மாட்டான் பாரு." இதற்காகத்தான் வந்தாளா. மருந்துக்கு வரவில்லை, டீச்சர் மாதிரி நடக்கக்கூட வரவில்லை, கண்ணுக்குத் தெரிகிற ஒன்றுக்கு வந்திருக்கிறாள், சூப்பர்வைசர் எட்ட இருந்தே பார்க்கிற மாதிரி ஒன்றுக்கு. நான் இவ்வளவு நேரம் மூன்று கோடுகளை வைத்துக்கொண்டு எதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். கை முழுக்க எறும்பு ஊர்கிறது, மரத்த தோளுக்கு இரத்தம் திரும்புகிறது. ஜெசிந்தா யாரு, உள்ளே வாங்க என்றார் சிஸ்டர்.

உள்ளே மூன்று பேருமாகப் போனோம். டாக்டர் எழுந்து அக்காவுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார், உண்மையிலேயே கனிவான முகம், அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. குழாய் வைக்கிற பொருட்கள் ஒரு தட்டில் பச்சைத் துணி மூடி இருந்தன. வெளியே மாட்டியிருக்கிற படத்தில் இன்னும் இரண்டு கோடு உண்டே சார், அதில் ஒன்று வெறும் மாத்திரைக்காரங்களோடது என்றேன். டாக்டர் கோபப்படவில்லை. என்ன படிச்சிருக்கீங்க என்றார், சொன்னேன், நல்லது என்றார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்லாக் கோட்டையும் போட்டா நோயாளிக்குக் குழப்பம்மா" என்றார். நோயாளிகளைக் கண்ணால் பார்க்கிறவன் நான், அது வேற, ஆராய்ச்சி வேற, நிறையப் பேர் இங்கே வந்து தேறியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். நம்பித்தான் சொல்கிறார். தேறாதவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து உங்களிடம் சொல்வார்கள் என்று கேட்க நினைத்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அக்கா பேசினாள். பேசுவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

"அந்த வெறும் மாத்திரைக்காரங்க என்ன ஆனாங்க சார்?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அவங்களும் ஓரளவு தேறினாங்கதான் என்றார். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"அவங்களுக்கும் வலி இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"நெசமான வலியா சார்?"

"என்னம்மா கேள்வி இது, நெசமான வலிதான். நோயாளிங்கதானே அவங்களும்."

அக்கா திரும்பி அத்தானைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் நூலையும் மழையையும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாததை டாக்டர் வாயால், உட்கார்ந்திருக்கிற டாக்டர் வாயால், அத்தான் காதில் விழவைத்துவிட்டாள். அத்தான் கையிலிருந்த காலி பேப்பர் கப்பை மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடி மடக்கினார்.

"அப்ப நான் அந்தக் கோட்டுலயே இருந்துக்கிறேன் சார்" என்றாள் அக்கா.

டாக்டர் இன்னும் ஏதோ சொன்னார், யோசித்து வாருங்கள், காலம் தாழ்த்தினால் பரவும் என்றெல்லாம். பரவும் என்ற சொல் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, இன்னும் எழுந்திருக்கவில்லை. நான் சரியாகச் செய்தேனா? அக்கா நாளை மோசமானால்? ஆராய்ச்சி ஆயிரம் பேரைப் பற்றிச் சொல்லும், ஒரு ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்லாது, அதைப் படித்தவள் நான், என்னை யார் தேற்றுவது. அரசு ஆஸ்பத்திரி டாக்டரிடம் மறுபடி போவோம், நான் கூட வருகிறேன், இந்தத் தடவை அவரை உட்காரச் சொல்கிறேன் என்று பஸ் ஸ்டாண்டில் அத்தானிடம் சொன்னேன். வேலைக்கு அவளால் முடியாது, அதையும் அவரிடமே எழுதித் தரச் சொல்வோம் என்றேன். அத்தான் பஸ் வந்ததும் ஓடிப்போய் ஜன்னலோரத்தில் துண்டைப் போட்டு இடம் பிடித்தார். பிறகு இறங்கி வந்து, "ஏறு மகாராணி" என்றார். அக்கா சிரிக்கவில்லை, ஆனால் ஏறினாள். பஸ் கிளம்பும்போது பார்த்தேன், முன் சீட்டின் கம்பியைப் பிடித்திருந்தாள், பிளாஸ்திரி ஒட்டின கை, ஜாக்கெட் கையைக் கொஞ்சம் மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு. பாடிக்குப் போய்ச் சேர்ந்து நாலு நாள் வரைக்கும் அதைப் பிய்க்கவில்லை என்று அத்தான் போனில் சொன்னார்.

பின்னால் அந்தக் குன்னூர் டீச்சரைப் பற்றி விசாரித்தேன். ஆயா நம்பர் வாங்கித் தந்தாள். பிரமிளா என்று பெயர், நன்றாகப் பேசினார். எழுந்து நடந்தது உண்மைதான். குழாய் வைத்த இடத்தில் சீழ் பிடித்து, குளிர் காய்ச்சல் வந்து, வேறு ஆஸ்பத்திரியில் குழாயை எடுத்திருக்கிறார்கள், மருந்தும் அன்றோடு நின்றுவிட்டது. நடக்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த கோடையில், எந்த மருந்தும் இல்லாதபோது. இதைக் கிளினிக்கில் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர்கள் ஒரு தடவை போன் செய்து விசாரித்தார்களாம். இப்போது நடக்கிறீர்களா என்று மட்டும்தான் கேட்டார்கள், ஆமாம் என்றேன் என்றார்.